களவும் கணக்கும்



சென்ற கோடை விடுமுறையில், எங்கள் தெருவில் திண்ணையோரம் நிறுத்தியிருந்த ஒரு சைக்கிள் காணாமற் போயிற்று. அன்று மாலைக்குள் தெருவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. “ஊர் கெட்டுப் போய்விட்டது. முன்பெல்லாம் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவோம்” என்றார்கள் பெரியவர்கள். “எல்லாம் அந்தப் பக்கத்து ஆட்கள் வேலை” என்றார் ஒருவர். அந்தப் பக்கம் என்றால் ஆந்திராவின் நகரிப் பக்கம். பழைய இரும்பு வாங்கத் தள்ளுவண்டியோடு வரும் ஒரு தெலுங்குப் பெரியவரை நிறுத்தி, சாக்குகளைக் கொட்டச் செய்து, கடுமையாகப் பேசினார்கள். நாங்களும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம்.

மூன்றாம் நாள் சைக்கிள் கிடைத்தது. அந்த வீட்டு மாமாவே அதைப் பேருந்து நிலையத்தில் பூட்டிவிட்டுத் திருத்தணிக்குப் போயிருக்கிறார். திரும்பும்போது நண்பரின் மோட்டார் சைக்கிளில் வந்ததால் மறந்துவிட்டார். தெரு சிரித்துவிட்டுக் கலைந்தது. எங்களுக்கோ சிரிப்பு வரவில்லை. ‘ஓர் ஊர் பாதுகாப்பானதா, இல்லையா என்பதை எப்படித்தான் தெரிந்துகொள்வது?’ என்ற கேள்வி எழுந்தது. படித்தும் கேட்டும் அறிந்துகொண்டதை இங்கே சொல்கிறோம்.

நம் நாட்டில் ‘இந்தியாவில் குற்றங்கள்’ என்னும் ஆண்டறிக்கை 1953 முதல் வெளிவருகிறது. 1986இல் தொடங்கப்பட்ட தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இப்போது அதை வெளியிடுகிறது. பெரிய ஊரில் திருட்டும் அதிகமாக இருக்கும் அல்லவா? ஆகவே எண்ணிக்கையை மட்டும் பாராமல், ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். இதையே குற்ற விகிதம் என்பர். பதிவான குற்றங்களை மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சத்தால் பெருக்கினால் விடை வரும்.

நம்மைப் போன்ற சிற்றூர்களில் இந்தக் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். பத்தாயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் ஓராண்டில் 4 திருட்டுகள் பதிவாயின என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 40. மறு ஆண்டு 6 ஆனால் விகிதம் 60. ‘திருட்டு ஐம்பது சதவீதம் பெருகிவிட்டது!’ என்று யாரும் முழங்கலாம். ஆனால் கூடியவை இரண்டே திருட்டுகள். ஒரே ஆள் ஒரே இரவில் இரண்டு வீடுகளில் கைவைத்திருக்கவும் கூடும். எனவே சிற்றூரைப் பற்றி முடிவு செய்ய, ஓராண்டுக் கணக்கு போதாது. பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கோயில் ஊர்களில் மற்றொரு சிக்கல் உண்டு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி சுமந்து லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். நெரிசலில் ஒரு வெளியூர் அம்மாளின் சங்கிலி அறுபட்டால், அது திருத்தணிக் கணக்கில் ஏறும். ஆனால் அந்த அம்மாள் திருத்தணி மக்கள்தொகையில் இல்லை. விகிதம் உயர்ந்து, ஊரே திருடர் ஊர் போலத் தோன்றும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்று. புகார் கொடுத்து, வழக்காகப் பதிவானால்தான் திருட்டு கணக்கில் சேரும். எங்கள் வகுப்பில், “வீட்டில் எதையாவது திருட்டுக் கொடுத்தவர்கள் உண்டா?” என்று கேட்டபோது பல கைகள் உயர்ந்தன. “காவல் நிலையத்தில் சொன்னவர்கள்?” என்றதும் ஏறக்குறைய எல்லாக் கைகளும் இறங்கிவிட்டன. ‘கிடைக்கவா போகிறது’ என்ற சலிப்பும், ‘பெண்பிள்ளைகள் இருக்கும் வீடு’ என்ற தயக்கமுமே காரணம். மேலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டங்களின்படி, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளின் திருட்டை மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்றிப் போலீசார் பொதுவாகப் புலன்விசாரணை செய்ய முடியாது. ஆகவே அண்டா, குடம், கோழி போன்றவை பெரும்பாலும் அந்த ஆண்டறிக்கையை எட்டுவதே இல்லை.

இதிலிருந்து விளங்குவது என்ன? விகிதம் குறைவான ஊர் பாதுகாப்பான ஊராகவும் இருக்கலாம், வாய் மூடியிருக்கும் ஊராகவும் இருக்கலாம். புகார்களைத் தட்டாமல் பதிவு செய்யும் இடத்தில் எண்ணிக்கை கூடித்தான் தெரியும். குற்றம் பெருகுவது வேறு, பதிவு பெருகுவது வேறு என்பதை ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது.

கணக்கு இல்லாத இடத்தில் வதந்தி வந்து குந்திக்கொள்கிறது. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் நடமாடுவதாகக் கைப்பேசிகளில் பொய்ச் செய்தி பரவியது. போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தை ஊரார் சூழ்ந்து அடித்ததில் ஒரு மூதாட்டி மாண்டார். அவர்கள் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிலும் அதே வாரத்தில் ஒருவர் கொல்லப்பட்டார். தீர விசாரியாத பாண்டியன் ஆணையால் கோவலன் மாண்ட கதையைப் பாடத்தில் படித்துக் கண்கலங்குகிறோம். ஆனால் நம் தெருவில் நாமே பாண்டியனாகிவிடுகிறோம்.

‘அந்தப் பக்கத்து ஆள்’ என்ற பேச்சையும் எண்ணிப் பாருங்கள். ம.பொ.சி. போன்றோர் போராடியதன் பயனாகத் திருத்தணியும் நம் பள்ளிப்பட்டும் தமிழகத்தோடு இணைந்தது 1960 ஏப்ரல் 1ஆம் நாள்தான். அதற்கு முன் நம் தாத்தா பாட்டியரே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து மக்கள்! இன்றும் எங்களில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். திருட்டுக்கு மொழியும் இல்லை, எல்லையும் இல்லை.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது யாது? பொருள் களவு போனால், சிறியதாயினும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது பெற வேண்டும். வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம். நகரிச் சந்தையில் பறிகொடுத்தவர் பள்ளிப்பட்டிலேயே சொல்லலாம். எல்லையோரத்தில் வாழும் நமக்கு இது பெரிய உதவி. அவசரத்துக்கு 112. சைக்கிளின் சட்டத்தில் பொறித்துள்ள எண்ணை நோட்டில் எழுதி வைப்பதும், வெளியூர் செல்லும்போது அண்டை வீட்டாரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிச் செல்வதும், எரியாத தெருவிளக்கைப் பற்றிப் பேரூராட்சிக்கு எழுதுவதும் மாணவிகளாகிய நம்மாலும் ஆகக்கூடியவை.

பக்கத்து வீட்டாரை நாம் அறிந்திருப்பதும் ஒரு காவல்தான். ஆனால் அறியாதவரையெல்லாம் திருடராக நினைப்பது காவல் ஆகாது. ‘களவு செய்யாதே’ என்னும் கட்டளைக்கு அடுத்தே ‘பொய்ச்சான்று சொல்லாதே’ என்னும் கட்டளை இருப்பதை இப்போதுதான் கவனித்தோம்.

சைக்கிள் திரும்பி வந்துவிட்டது. இரும்புக்காரப் பெரியவர் மட்டும் அதன்பின் எங்கள் தெருவுக்கு வரவில்லை. அவருடைய குரல் மீண்டும் தெருமுனையில் கேட்டால், முதலில் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்பதென்று நாங்கள் தீர்மானித்திருக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு