ஈட்டுக்கடன் இறுக்கும் நெறி

ஊவா மலைநாட்டின் பொருளாதார வரலாற்றைக் கடனின் வரலாறு என்று கூறினும் மிகையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இம்மலைச் சரிவுகளில் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டபோது, அவற்றுட் பல கடன்பணத்தாலேயே திறக்கப்பட்டன. தோட்டத்தை ஈடு வைத்துப் பணம் பெறுவதும், விளைச்சல் விற்ற பணத்தில் அவ்வாண்டு வட்டியைக் கொடுப்பதும், முதலை வரும் ஆண்டுக்கென ஒத்திவைப்பதும் தோட்டத்துரைமார் பலரின் வழக்கமாயிருந்தன. 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பியிலை நோய் முதன்முதற் காணப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் விளைச்சல் குன்றியது. குன்றாதது கடனின் முதல் ஒன்றே. 1884 இல் ஓரியண்டல் வங்கி கதவடைத்தபோது, அதன் வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் இலங்கைக் கோப்பித் தோட்டங்களின் மீது அது கொடுத்திருந்த கடன்களும் எண்ணப்பட்டன. ஆண்டுதோறும் வட்டி தவறாது கொடுத்தவனும், முதலைத் தொடாது விட்டமையால் தோட்டத்தை இழந்தான்.

துரைக்கு நேர்ந்தது இதுவாயின், தொழிலாளிக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. தமிழகத்தினின்றும் வந்தோர் கங்காணியிடம் பெற்ற வழிச்செலவும் அரிசிப்பற்றும் அவர்தம் பெயரிற் கடனாக ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்ல வேண்டின், கடன்தொகை குறித்த ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுத்து ஆளைப் பெறும். ஆள் பெயரவே, கடனும் உடன் பெயரும். உழைப்பவன் தன் கணக்கைத் தானே காணும் வாய்ப்பு அம்முறையில் இல்லை. 1921 ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், கடன் என்பது குறையாத ஒன்று, பிறர் எழுதிவைக்கும் ஒன்று என்னும் எண்ணம் லயங்களில் அதன் பின்னும் நெடுங்காலம் நின்றது. இன்று வங்கிக்கடன் பெற்று வீடு கட்டும் தோட்டக்குடும்பத்துப் பிள்ளைகள், அவ்வெண்ணத்துக்கு மாறான ஒரு கணக்கை அறிதல் இன்றியமையாதது.

நிலத்தை ஈடாகப் பெற்று நீண்டகாலக் கடன் வழங்குதற்கென 1931 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இலங்கையில் அரச ஈட்டு வங்கி தோன்றிற்று. 1979 இல் அது வேறொரு கடன் நிறுவனத்தோடு இணைந்து அரச ஈட்டு முதலீட்டு வங்கியாயிற்று. இத்தகைய வங்கிகள் இன்று வழங்கும் வீட்டுக்கடன், பெரும்பாலும், மாதந்தோறும் ஒரே அளவான தவணைப்பணத்தால் இறுக்கப்படுவது. அத்தவணைப்பணம் இருகூறாகப் பிரியும். நிலுவையிலுள்ள முதலுக்கு அம்மாதம் சேர்ந்த வட்டி முதற்கண் எடுக்கப்படும். எஞ்சியதே முதலிற் கழியும். முதல் குறையக் குறைய வட்டிக்கூறு சிறுத்து, முதற்கூறு பெருகும். தவணைக்கு மேலாக ஒருவர் செலுத்தும் மிகைப்பணமோ வட்டிக்கூறு யாதுமின்றி, முழுவதும் முதலிற் கழிகின்றது. அதன் ஆற்றலெல்லாம் இதனுள் அடங்கும்.

எடுத்துக்காட்டாக, ஹல்துமுல்லையில் வீடு கட்டும் ஆசிரியர் ஒருவர் 10 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டியில், 20 ஆண்டுத் தவணைக்குப் பெறுகிறார் எனக் கொள்வோம். மாதத் தவணை 11,010 ரூபா 86 சதம். முதல் மாதத்தில் வட்டி மட்டும் 10,000 ரூபா. முதலிற் கழிவது 1,010 ரூபா 86 சதமே. பத்தாண்டுகள் ஒரு மாதமேனும் தவறாது செலுத்திய பின்னரும் நிலுவை ஏறத்தாழ 7 இலட்சத்து 67 ஆயிரம். காலத்திற் பாதி கழிந்தும் கடனிற் காற்பங்குகூடக் கழியவில்லை. முதல் பாதியாதற்குப் பதினைந்து ஆண்டுகள் வேண்டும். இருபதாண்டு முடிவில் அவர் செலுத்திய மொத்தம் 26 இலட்சத்து 42 ஆயிரத்துக்குச் சற்று மேற்படும்.

அவரே முதல் மாதந்தொட்டு ஒவ்வொரு தவணையோடும் 500 ரூபா மிகையாகச் செலுத்துவாராயின், கடன் 17 ஆண்டுகளில் ஏறத்தாழ முற்றும் தீரும். மிகையாகக் கொடுத்தது 1 இலட்சத்து 2 ஆயிரம். மொத்தச் செலவிற் குறைந்தது 2 இலட்சத்து 93 ஆயிரத்துக்கு மேல். மிகைப்பணம் 1,000 ரூபாவாயின் கடன் 15 ஆண்டுகளில் தீரும். ஏறத்தாழ 4 இலட்சத்து 85 ஆயிரம் மிச்சமாகும். மிகையை இரட்டித்தமையால் மிச்சமும் சரியாக இரட்டிக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. முதல் ஐந்நூறு செய்யும் வேலையை அடுத்த ஐந்நூறு செய்வதில்லை. பெருந்தொகை இயலாதென்று கைவிடுவோர் இதனை நினைதல் நன்று.

மிகைப்பணத்தின் அளவினும் அதனைத் தொடங்கும் காலமே பெரிது. மேற்கூறிய ஆசிரியர் பத்தாண்டு வாளாவிருந்து, பதினோராம் ஆண்டிலிருந்து மாதம் 1,000 ரூபா மிகையாகக் கொடுப்பின், மிச்சமாவது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டும் 91 ஆயிரம் ரூபாவுமே. மற்றொரு வகையாகவும் இதனைக் காணலாம். முதல் தவணை செலுத்தும் அன்றே, இரண்டாம் தவணையின் முதற்கூறாகிய 1,020 ரூபா 97 சதத்தையும் சேர்த்துச் செலுத்தின், அட்டவணையில் ஒரு முழுத் தவணை மறைந்துவிடும். அத்தவணைக்குரிய வட்டியாகிய 9,989 ரூபா 89 சதம் எழாமலே போகும். எனினும் அம்மிச்சம் கைக்கு எட்டுவது இருபதாண்டுக்குப் பின்னர் என்பதையும், அன்றைய பத்தாயிரம் இன்றைய பத்தாயிரம் ஆகாது என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. பணத்தின் மதிப்பு விரைந்து வீழும் நாட்டில் ஏட்டிற் காணும் மிச்சம் உண்மை மிச்சத்தினும் பெரிதாகவே தோன்றும்.

பத்து இலட்சத்துக்குப் பதினாறு இலட்சத்தின் மேல் வட்டி கொடுப்பது அறமோ என ஒருவர் வினவலாம். முதலை விஞ்சிய வட்டியை ஒரே முறையில் அறவிடலாகாது என்பது இந்து சட்டத்தில் ‘தாம்துபட்’ எனப்படும் தொன்மையான விதி. இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அடிப்படையாகிய உரோமன் டச்சுச் சட்டத்திலும் இதனையொத்த விதி உண்டு. ஆயின் அவ்விதிகள் தடுப்பது, கொடாமற் சேர்ந்த வட்டி முதலை மீறி வளர்வதையே. மாதந்தோறும் வட்டியைக் கொடுத்துவருபவனுக்கு அவை துணைசெய்வதில்லை. ஒழுங்காகக் கொடுப்பவனைக் காக்கும் விதி எதுவும் இல்லாமையால், அவன் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வழியாக இம்மிகைச் செலுத்துகையைக் கருதலாம்.

இவ்வழி எல்லாக் கடனுக்கும் பொருந்தாது. கடனின் தொடக்கத் தொகைக்கே இறுதிவரை வட்டி கணிக்கும் முறையில், இடையே முதலைக் குறைப்பதால் வட்டி தானாகக் குறைவதில்லை. அரசாங்க ஊழியர் பெறும் ஆதனக்கடனில் வட்டியின் ஒரு பகுதியை அரசு ஏற்பதுண்டு. கடனாளி கொடுக்கும் வட்டியினும் நிலையான வைப்புக்குக் கிடைக்கும் வட்டி மிகுதியாயின், மிகைப்பணத்தை வைப்பில் இடுதலே தக்கது. காலத்துக்கு முன் கடன் தீர்ப்போரிடம் கட்டணம் பெறும் ஒப்பந்தங்களும் உள. ஆதலின் மிகைப்பணம் செலுத்துமுன் ஈட்டுறுதியையும் கடன் ஒப்பந்தத்தையும் ஒருமுறை முழுவதும் படித்தல் வேண்டும். கடன் வழங்குவோர் சிலர், மிகைப்பணத்தை வரும் மாதத் தவணைக்கான முற்பணமாகக் கருதி ஒதுக்கிவைப்பர். அவ்வாறு ஒதுங்கிய பணம் ஒரு சதம் வட்டியையும் குறைப்பதில்லை. ‘இத்தொகை முதலிற் கழிக்கப்படுக, மாதத் தவணை மாறாதிருக்க’ என எழுத்தில் கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் நிலுவைக் கூற்றைப் பெற்று ஒப்பிடுதல் கடனாளியின் உரிமை. துண்டு முறைக் காலத்தில் உழைப்பாளிக்கு மறுக்கப்பட்டது இவ்வுரிமையே.

தோட்டக்குடும்பங்களின் நிலைக்கு இன்னொன்றும் கூறவேண்டும். வீட்டுக்கடனுக்கு மிகைப்பணம் கொடுக்கும் வீட்டில், தாலிக்கொடி அடகுக்கடையிற் கிடத்தல் கணக்குக்கு ஒவ்வாதது. அடகு வட்டியும் நுண்கடன் வட்டியும் வீட்டுக்கடன் வட்டியினும் உயர்ந்திருப்பது பெரும்பான்மை; உயர்ந்த வட்டியை முதலில் ஒழித்தலே முறை. கையில் மூன்று மாதச் செலவுக்கேனும் பணமின்றி மிகைப்பணம் செலுத்துதலும் தகாது. சுவரிற் சென்ற பணத்தை நோய்க்கோ மழைக்காலத்து வேலைக்குறைவுக்கோ திரும்பப் பெற முடியாது. ஊழியர் சேமலாப நிதியைப் பிணையாக வைத்து வீட்டுக்கடன் பெற்றோர்க்கு நிலைமை வேறு. அவர் தவணை தவறின், நிலுவை முதுமைக்கெனச் சேர்ந்த அந்நிதியிலிருந்தே கழியும். இளமையில் மாதம் சில நூறு ரூபா மிகையாகச் செலுத்துவதன் பயன் முதுமையில் அவர்க்கே மீளும். தீபாவளி முற்பணம் சம்பளத்திற் பிடித்து முடியும் மாதங்கள் தொடங்கியதும், அதுவரை பிடிபட்ட தொகையை வீட்டுக்கடனுக்கு மாற்றிவிடுதல், சம்பளம் குறைந்ததென்று வீடு உணராத ஓர் எளிய வழி.

வட்டிவீதம் மாறும் கடன்களின் இடர் 2022 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரல் 8 ஆம் நாள் இலங்கை மத்திய வங்கி தனது துணைநில் கடன்வசதி வீதத்தை நூற்றுக்கு 7.5 இலிருந்து 14.5 ஆக ஒரே நாளில் உயர்த்திற்று. மேற்கூறிய கடன் மூன்றாண்டு கழிந்த நிலையில் வீதம் 24 ஆக ஏறியதாகக் கொள்ளின், நிலுவையாகிய 9 இலட்சத்து 56 ஆயிரத்துக்கு மாத வட்டியே 19,129 ரூபா. பழைய தவணை வட்டிக்கும் போதாது. அம்மூன்றாண்டும் மாதம் 1,000 மிகையாகச் செலுத்தியவர்க்கு நிலுவை 43 ஆயிரம் குறைந்திருக்கும்; மாத வட்டியில் 861 ரூபா குறையும். அது சிறிய ஆறுதலே. அத்தகைய காலத்தில் வீட்டைக் காப்பது, மிகைப்பணத்தோடு கையிலும் வைத்திருந்த சேமிப்பாகும்.

ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் இக்கணக்கினின்றும் பிரிக்கவொண்ணாத ஒன்று மலைச்சரிவு. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. உயிர்கள் பல மாண்டன. புதைந்தவை தோட்டத்து லயங்களாயினும், அதே சரிவுகளிற் சொந்த வீடு கட்டுவோர்க்கு அது தரும் எச்சரிக்கை பெரிது. வீடு மண்ணுள் மறைந்தாலும் ஈட்டுக்கடன் மறையாது. கடனாளி பணத்துக்குத் தாமே பொறுப்பாளி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இடரென வகுத்த நிலத்தில் வீடுடையோர், மிகைப்பணத்துக்கு முன் காப்புறுதியையும் வடிகாலையும் தாங்குசுவரையும் எண்ணுதல் வேண்டும்.

கடன் தீர்ந்த அன்றே ஈடு நீங்கிவிடுவதில்லை. இலங்கைச் சட்டப்படி அசையா ஆதனத்தின் ஈடு நொத்தாரிசு முன் எழுதப்படுவது. ஆதலின் அதன் விடுவிப்பும் எழுத்தில் நிறைவேறிக் காணிப் பதிவகத்திற் பதியப்படுதல் வேண்டும். அதுவரை பதிவேட்டில் ஈடு நிற்கும். காணியை விற்கவோ பிள்ளைக்குச் சீதனமாக எழுதவோ முனைகையில் இடறும். தோட்டங்களில் 1990 களிலிருந்து கூட்டுறவுச் சங்கங்களின் வழி வழங்கப்பட்ட வீட்டுக்கடன்களின் நிலையோ வேறு. தவணைப்பணம் மாதந்தோறும் சம்பளத்தினின்று பிடிக்கப்பட்டுக் கடன் தீர்ந்தும், நிலத்துக்குரிய உறுதி கைக்கு வராத குடும்பங்கள் உள்ளன. அவர்கள் காத்திருப்பது ஏழு பேர்ச் நிலத்தின் உறுதிக்கே; அவ்வுறுதி வழங்கப்படும் வரை, அவ்வீட்டை ஈடு வைத்து வங்கியில் முறையான கடன் பெறுதலும் அவர்க்கு இயலாது.