தேறியது என்றால் போதுமா?

திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் புதிய ஏவுதளம் உருவாகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளையாமல் நேர் தெற்கே பறக்கலாம் என்பதால், எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறு ராக்கெட்டுக்கு இந்தக் கரை தோதானது. அந்த ராக்கெட்டின் முதல் சோதனைப் பயணம், 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பித் தோற்றது. எரிபொருளிலோ எஞ்சினிலோ கோளாறு இல்லை. இரண்டாம் கட்டம் கழன்றபோது எழுந்த அதிர்வு, வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளை ஒரு கணம் திணறடித்தது. பழுதைக் கண்டறிய வேண்டிய மென்பொருள், நன்றாக இருந்த கருவிகளையே பழுதென்று தீர்மானித்துவிட்டது. 356 கி.மீ. உயர வட்டப்பாதையில் சுற்ற வேண்டிய இரண்டு செயற்கைக்கோள்கள், ஒரு முனையில் பூமிக்கு 76 கி.மீ. வரை நெருங்கும் நீள்வட்டத்தில் விடப்பட்டு வீணாயின.

இத்தனையும் தெரியவந்தது 'தோல்வி' என்ற ஒற்றைச் சொல்லால் அல்ல. எந்தக் கணத்தில் எது நடந்தது என்று ராக்கெட் அனுப்பிய பதிவுகளால்தான். மென்பொருள் எழுதுகிற எவருக்கும் இது பொருந்தும் என்பேன். ஒரு நிரலைச் சோதித்துவிட்டு 'தேறியது' என்ற முடிவை மட்டும் வைத்துக்கொள்வது, சோதனையின் பெரும்பகுதியைத் தூக்கி எறிவதற்குச் சமம். தூத்துக்குடிக் கடலில் அந்நாளில் முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன், மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து முத்துகளை மதிப்பிட்டார்கள். சிப்பி வளரும் கடலடித் திட்டான பாரில் சிப்பி இருக்கிறது என்ற சேதியோடு யாரும் நிறுத்திக்கொள்ளவில்லை.

இன்றைய சோதனைக் கருவிகள் பல இந்த விவரத்தைத் தரத் தயாராகவே இருக்கின்றன. கோ என்னும் நிரல்மொழியில், 2018இல் வந்த 1.10 பதிப்பிலிருந்து, ஒவ்வொரு சோதனையின் நிகழ்வுகளையும் ஜேசன் (JSON) என்ற தரவு வடிவில் வரிவரியாகப் பெறலாம்: எப்போது தொடங்கியது, என்ன அச்சிட்டது, தேறியதா, தவறியதா, தவிர்க்கப்பட்டதா, எத்தனை நொடி பிடித்தது. கட்டளையைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் ஜேக்யூ போன்ற சிறு கருவியிடம் இந்த வரிகளைக் கொடுத்து, தவிர்க்கப்பட்டவற்றை மட்டும் காட்டு, ஐந்து நொடிக்கு மேல் ஓடியவற்றை மட்டும் காட்டு என்று கேட்கலாம். நேற்று அரை நொடியில் முடிந்த சோதனை இன்று ஒன்பது நொடி எடுத்தாலும் முடிவு 'தேறியது'தான். அந்தத் தாமதம் நிகழ்வு வரியில்தான் தெரியும். நிரலை மாற்றாமலே ஒருமுறை தேறி மறுமுறை தவறும் சோதனைகளும் உண்டு. தன் சோதனைகளில் ஏறக்குறைய 16 சதவீதத்தில் இந்த ஊசலாட்டம் ஓரளவு இருப்பதாக கூகுள் நிறுவனம் 2016இல் எழுதியது. ஒரே ஒரு முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வண்ணப் படங்களோடு அறிக்கை தரும் செயலிகள் இருக்கையில் கறுப்புத் திரை எதற்கு என்று கேட்பார்கள். அந்த அறிக்கைகள் பயனுள்ளவைதான். ஆனால் அவற்றை வடிவமைத்தவர் எதிர்பார்த்த கேள்விகளுக்கே அவை பதில் தரும். புதிய கோளாறோ புதிய கேள்வியைக் கொண்டுவருகிறது. ஆயிரக்கணக்கான வரிகளை யார் படிப்பது என்ற தயக்கமும் நியாயமானதே. யாரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. வேண்டாததைக் கழித்துத் தருவதுதான் ஜேக்யூ போன்ற கருவியின் வேலை.

வலுவான மறுப்பு வேறு. நடத்தாத சோதனைக்கு நிகழ்வுப் பதிவு ஏது? எஸ்.எஸ்.எல்.வி. பறக்கும்போது எழுந்த அதிர்வு, தரைச் சோதனைகளில் கண்டதைவிட அதிகம். தரைப் பதிவுகளை எவ்வளவு துருவினாலும் அது அகப்பட்டிருக்காது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தரையில் கண்டதற்கும் வானில் நடந்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று சொல்ல, இரண்டு பதிவுகளும் கையில் இருந்தாக வேண்டும். அந்த இடைவெளி தெரிந்ததால்தான் இஸ்ரோ கட்டம் கழலும் அமைப்பையும் பழுது கண்டறியும் விதியையும் மாற்றியது. 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி. மூன்று செயற்கைக்கோள்களை 450 கி.மீ. வட்டப்பாதையில் சேர்த்தது.