ஒன்பதடி அகலத்தில் கொல்லிமலை

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். ஆளுயரக் கேன்வாஸை பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். அதனால் என் படம் ஆறு பலகைகளாக மலையேறுகிறது. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு இரண்டடி. மேலே மூன்று, கீழே மூன்று சேர்த்தால் ஒன்பதடி அகலம், நாலடி உயரம்.

இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னியும் துண்டு துண்டாகத்தான் வரைந்தார். 2007-இல் யார்க்‌ஷயர் மரக்கூட்டம் ஒன்றை வெட்டவெளியில் நின்று 50 கேன்வாஸ்களில் தீட்டினார். சேர்த்து மாட்டினால் 12 மீட்டர் அகலம். 1866-இல் பிரான்சில் மோனே பிடித்த வழி வேறு. ‘தோட்டத்தில் பெண்கள்’ படம் எட்டடிக்கு மேல் உயரம். ஏணியில் ஏறினால் பார்க்கும் கோணம் மாறிவிடும். அதனால் தோட்டத்தில் பள்ளம் வெட்டி, கப்பி கட்டி, படத்தையே கீழே இறக்கி மேல்பகுதியை வரைந்தார்.

நம் பக்கம் 1792-இல் வந்த தாமஸ் டேனியலும் அவர் சகோதரன் மகன் வில்லியமும் ராயக்கோட்டையைத் தாளில் வரைந்துகொண்டு போய் லண்டனில் அச்சுப்படமாக்கினார்கள். அருமையான கோடுகள். ஆனால் ராயக்கோட்டை வெயில் அவற்றில் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் துணிவு தந்தவர் நாமக்கல்லில் பிறந்த சில்பி. விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தவர்.

கொல்லிமலையின் சீக்குப்பாறையில் நின்றால் தலையைத் திருப்பித் திருப்பித்தான் அடிவாரச் சமவெளியைப் பார்க்க முடியும். சின்னத் தாளில் அந்தத் திருப்பம் கிடைக்காது. பெரிதாக வரைய ஆசைப்பட்டது அதற்காகத்தான்.

முதல் எதிரி காற்று. கேன்வாஸ் பாய்மரம் போலப் புடைக்கும். ஸ்டாண்டின் நடுவில் கல் கட்டிய பையைத் தொங்கவிட வேண்டும். பின்னால் வெயில் பட்டால் துணி ஊடுருவி வண்ணம் பொய் சொல்லும், அங்கே கறுப்புத் துணி. குடையும் கறுப்பு அல்லது வெள்ளைதான். சிவப்புக் குடை பிடித்தால் படமே சிவக்கும். மஞ்சு இறங்கும்போது அக்ரிலிக் உலராது, வெயில் ஏறினால் தட்டிலேயே உலர்ந்துவிடும். ஆகவே எண்ணெய் வண்ணம்.

இதைவிடப் பெரிய சிக்கல் வெளிச்சம். காலை எட்டு முதல் ஒன்பதரை வரைதான் எனக்கு வேண்டிய நிழல் இருக்கும். பிறகு தூரிகையைக் கழுவிவிடுவேன். மறுநாள் அதே நேரம், அதே பாறை, அடுத்த பலகை.

மிளகுக்கொடி சுமந்த சில்வர் ஓக் மரங்களைக் கவனித்தால் ஒன்று புரியும். காற்று அடித்ததும் இலைகள் புரண்டு அடிப்பக்கம் தெரியும். பச்சையாக இருந்த சரிவு ஒரு நொடியில் சாம்பல் வெள்ளையாகும். அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா கொஞ்சம், வெள்ளை நிறைய. அந்தக் கலவையை அங்கேயே கலந்தால்தான் பிடிக்க முடிகிறது.

“போட்டோ புடிச்சுட்டுப் போனா ஆவாதா சாமி?” என்று விறகுக்கட்டோடு வந்த பாட்டி கேட்டார்.

“போட்டோவுல அந்த நிழல் கறுப்பா விழுதும்மா. நீங்களே பாருங்க, அங்க கறுப்பா இருக்கு?”

கட்டை இறக்கி வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். “நாவப்பழம் கணக்கா இருக்குது” என்றார். அவர் சொன்னது மிகச் சரி. அன்று நிழலில் ஊதாவைக் கூட்டினேன்.

ஆறு பலகையையும் வீட்டுச் சுவரில் சேர்த்தபோது இரண்டாவதன் மஞ்சும் மூன்றாவதன் மஞ்சும் ஒட்டவில்லை. வீட்டில் உட்கார்ந்து பூசி மறைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. அந்த இரண்டு பலகைகள் மட்டும் மறுபடி மலையேறும்.