தங்கமே உரைகல்

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் தங்கத்தை உரைத்துப் பார்ப்பார்கள். அணு ஆய்வுக்கூடத்தில் தங்கத்தை வைத்தே மற்ற தனிமங்களை உரைத்துப் பார்க்கிறார்கள். சிவகாசி மத்தாப்புக்குப் பச்சை ஒளி தந்துவந்த பேரியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெரும்பகுதி, முதிர்ந்த செம்பெரு விண்மீன்களுக்குள் அணுக்கருக்கள் நியூட்ரான்களை ஒவ்வொன்றாக விழுங்கியதால் உண்டானது. அந்த விழுங்கும் வேகத்தைப் பூமியிலேயே அளக்கலாம். 1980-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் இயற்பியலாளர்கள் பீர், கேப்பலர் இருவரும் பேரியம்-138-ஐ இப்படித்தான், தங்கத்தோடு ஒப்பிட்டு, அளந்தார்கள்.

முதல் தேவை நியூட்ரான். செம்புத் தகட்டில் லித்தியத்தை மெல்லிய படலமாகப் படியவைத்து, அதன்மேல் புரோட்டான்களைப் பாய்ச்ச வேண்டும். ஆற்றல் 1.912 மெகா எலக்ட்ரான்வோல்ட். சூட்சுமம் இந்த எண்ணில் இருக்கிறது. 1.881-க்குக் கீழே வினையே நடக்காது. அதற்குச் சற்று மேலே நிறுத்தினால் நியூட்ரான்கள் முன்பக்கமாகக் கூம்புபோல் கிளம்பும். அவற்றின் ஆற்றல் பரவல், ஏறத்தாழ 29 கோடி டிகிரியில் கொதிக்கும் விண்மீனின் உட்புறத்தை ஒத்திருக்கும். இத்துறையில் இதைவிட அழகான உத்தி எனக்குத் தெரிந்து வேறில்லை. லித்தியத்திலிருந்து இப்படி நியூட்ரான் எடுக்கும் வேலை மும்பை டிராம்பேயின் ‘ஃபோட்டியா’ முடுக்கியிலும் நடக்கிறது.

அடுத்து, பேரியம் கார்பனேட் தூளை வில்லையாக அழுத்தி, இரண்டு தங்கத் தாள்களுக்கு நடுவே வைத்து, லித்தியத்தை ஒட்டி நிறுத்துகிறார்கள். பாய்ந்த நியூட்ரான் எத்தனை என்று நேரடியாக எண்ணுவது கடினம். அதே மழையில் தங்கமும் நனைவதால் கணக்கு அதில் பதிந்துவிடுகிறது. நியூட்ரான் வரத்து ஏறி இறங்குவதை ஒரு லித்தியக் கண்ணாடி உணரி தனியே குறித்துக்கொண்டிருக்கும்.

புரோட்டான் கற்றையை நிறுத்தியதும் கை வேகமாக ஓட வேண்டும். நியூட்ரானை விழுங்கிப் பிறந்த பேரியம்-139-இன் அரை ஆயுள் 83 நிமிடம்தான். ஈயச் சுவருக்குள், திரவ நைட்ரஜனில் குளிர்ந்திருக்கும் ஜெர்மானியம் உணரியின் முன் வில்லையை வைத்தால், திரையில் 166 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் ஒரு முகடு மெல்ல எழும். தங்கம்-198-க்கு அவசரமில்லை, அரை ஆயுள் 2.7 நாள், முகடு 412-இல்.

இரு முகடுகளின் பரப்பு, அணுக்களின் எண்ணிக்கை, உணரியின் திறன், எண்ணத் தொடங்குமுன்பே சிதைந்துபோனவை எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தால் விகிதம் கிடைக்கும். 30 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் தங்கத்துக்குச் சுமார் 600 மில்லிபார்ன் (விழுங்கும் வாய்ப்பை அளக்கும் அலகு). பேரியம்-138-க்கு வெறும் 4. அதன் 82 நியூட்ரான்களும் கூட்டை நிறைத்திருப்பதால் இன்னொன்றை எளிதில் ஏற்காது. விண்மீனில் பேரியம் தேங்கிக் குவிவது அதனால்தான்.

உரைகல்லையும் சோதித்தாக வேண்டும். 1988-இல் தங்கத்துக்கு 582 மில்லிபார்ன் என்று வைத்தார்கள். நியூட்ரான் பறக்கும் நேரத்தை அளக்கும் பிற்காலச் சோதனைகளில் அது சுமார் 5 சதவீதம் கூடியது. தங்கத்தை அளவாக வைத்து எடுத்த பழைய எண்களையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டியதாயிற்று.