அரை மில்லி விநாடியில் முடியும் அடி

மாணவர்களே, பத்துமலையிலிருந்து ரவாங் பக்கம் போனால் புக்கிட் தாக்குன் சுண்ணாம்புக் குன்று கண்ணில் படும். அதன் அடிவாரத்தில் ஒரு கோல்ஃப் திடல் இருக்கிறது. அங்கே பந்தை வெகுதூரம் அனுப்ப முதலில் எடுக்கும் நீளமான மட்டைக்கு ‘டிரைவர்’ என்று பெயர். புதிதாக ஆட வருபவர் பலர் அதை முழுப் பலத்தோடு வீசுவார்கள். பந்தோ பக்கத்துப் புதரில் போய் விழும். பலம் இருந்தும் ஏன் பலன் இல்லை?

கணக்குப் போடுவோம்

மட்டைத் தலையின் நிறை ஏறக்குறைய 200 கிராம். பந்து 45.93 கிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. மட்டைத் தலை விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வந்து சரியாக மோதினால், பந்து விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அதாவது மணிக்கு 216 கிலோமீட்டர்!

இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் சுமார் 0.0005 விநாடிதான். உந்த மாற்றத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி விசை கிடைக்கும்:

0.0459 × 60 ÷ 0.0005 = சுமார் 5,500 நியூட்டன்.

இது அரை டன் பாரத்தின் எடையைவிட அதிகம். இவ்வளவு குறுகிய நேரத்தில் கையால் எதையும் திருத்த முடியாது. மோதலுக்கு முன் என்ன செய்தோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

வேகம் வரிசையில் பிறக்கிறது

முதலில் இடுப்பு திரும்ப வேண்டும். பிறகு தோள், அடுத்து கை, கடைசியாக மணிக்கட்டு. சாட்டையை வீசும்போது அடியில் தொடங்கும் அசைவு நுனியில் பெரும் வேகமாவது போல, உடலின் ஆற்றல் படிப்படியாக மட்டைத் தலைக்குப் போய்ச் சேர்கிறது. தொடக்கத்திலேயே கையை இறுக்கினால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

நடுவில் பட்டால்தான் நன்மை

பூப்பந்து மட்டையைப் படுக்கைவாட்டில் தளர்வாகப் பிடியுங்கள். நண்பரை ஒரு டென்னிஸ் பந்தை அதன் நடுவில் போடச் சொல்லுங்கள். பிறகு ஓரத்தில். ஓரத்தில் விழும்போது பிடி கைக்குள் முறுக்கிக்கொள்ளும். டிரைவரிலும் இதுதான் நடக்கிறது. ஆற்றலில் ஒரு பகுதி மட்டையைத் திருப்புவதில் வீணாகும். பந்தின் திசையும் மாறும். அதனால்தான் டிரைவரின் தலையைப் பெரிதாகச் செய்து, நிறையை ஓரங்களுக்குத் தள்ளி வைக்கிறார்கள். அப்போது அது எளிதில் திரும்பாது. ஆனாலும் தலையின் கன அளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போக விதி அனுமதிப்பதில்லை.

கொஞ்சம் மேல்நோக்கி

வலக்கை ஆட்டக்காரர் பந்தை ‘டீ’ என்ற சிறு முளையின் மேல், இடது குதிகாலுக்கு நேராக வைப்பார். மட்டை தன் பாதையின் அடிப்பகுதியைக் கடந்து மேலேறும்போது பந்தைத் தொடும். பந்து உயரமாகக் கிளம்பும், பின்சுழற்சி குறையும். பின்சுழற்சி பந்தை மேலே தூக்குகிறது என்பதை 1890களில் எடின்பரோ பேராசிரியர் பி.ஜி. டெய்ட் விளக்கினார். ஆனால் அது அளவை மீறினால் பந்து வானத்தை நோக்கி ஏறி, தூரத்தை இழந்துவிடும்.

இந்திய வம்சாவளியினரான ஃபிஜி வீரர் விஜய் சிங், இளமையில் போர்னியோவில் கோல்ஃப் பயிற்றுநராக இருந்தவர். 2001இல் சவுஜானா திடலில் மலேசியப் பொதுப் போட்டியை வென்றார். நீண்ட நேரப் பயிற்சிக்குப் பேர்போனவர் அவர்.

இன்று மாலை பூப்பந்து ஆடும்போது, முதலில் கையை மட்டும் வீசி அடித்துப் பாருங்கள். பிறகு இடுப்பு, தோள், கை, மணிக்கட்டு என்ற வரிசையில் அடியுங்கள். இறகுப்பந்து எப்போது அதிக தூரம் போகிறது? அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.