படுத்திரு என்றார்கள், நட என்கிறார்கள்

கண்டிப் பக்கம் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்தால், முன்பெல்லாம் அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் சில காலம், பிறகு நாட்டு வைத்தியரின் எண்ணெய், அதன் பிறகு சுவரோரப் படுக்கை. "உடம்பை அலட்டக் கூடாது" என்பது அன்பினால் சொன்ன சொல். ஊட்டிவிடுவது மகளின் கடமை, தூக்கி உட்கார வைப்பது மகனின் கடமை. நோயாளி தானாகக் கையை நீட்டினால் வீடே பதறும்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மருத்துவத்துக்கும் அன்று அதே பயம் இருந்தது. 1940களில் லண்டனில் பெர்த்தா போபாத்தும் அவர் கணவர் கரேலும் வகுத்த முறையைப் பல பத்தாண்டுகள் உலகெங்கும் இயன்மருத்துவர்கள் பாடமாகப் படித்தார்கள். நோயாளி முக்கி முயன்றால் தசை விறைப்பு கூடும், பிழையான அசைவு படிந்துவிடும் என்று அது எச்சரித்தது. ஆகவே நோயாளியின் முயற்சிக்கு முன்பாகச் சிகிச்சையாளரின் கைகளே வேலை செய்தன.

அந்தப் பயம் ஆய்வுக்கு முன் நிற்கவில்லை. பாரிசவாதத்துக்குப் பிந்திய உடற்பயிற்சி பற்றி 2004இல், ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் தொகுப்பு வந்தபோது அதில் இருந்தவை 12 ஆய்வுகள். 2020இல் அவை 75. பங்கேற்றவர்கள் 3,017 பேர். மூச்சு வாங்க நடக்கும் பயிற்சி நடையின் வேகத்தைக் கூட்டுகிறது, இயலாமையைக் குறைக்கிறது என்று இப்போது தயங்காமல் சொல்ல முடிகிறது. ஆனாலும் அவசரம் உதவவில்லை. ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த அவெர்ட் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அடிக்கடி நடமாட வைத்தவர்களில் 46 விழுக்காட்டினரும், வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களில் 50 விழுக்காட்டினரும் நன்கு தேறினார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2009இல் அமெரிக்காவில் வந்த ஒரு கணக்கு. பயிற்சி அமர்வுகளைப் பக்கத்தில் இருந்து எண்ணிப் பார்த்தார்கள். கைக்கான அமர்வில் நோயாளி செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32. நடைப் பயிற்சியில் 357 அடிகள். மூளை மாறுவதைக் காட்டிய விலங்குச் சோதனைகளிலோ ஒரு நாளுக்கு நூற்றுக்கணக்கான அசைவுகள். வசதி நிறைந்த நாட்டிலேயே இவ்வளவுதான் என்றால், நெரிசலான நமது வார்டுகளை நினைத்துப் பாருங்கள்.

இயந்திரம் இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. 2011இல் வெளியான லீப்ஸ் ஆய்வில், உடலைத் தொங்கவிட்டு ஓடுபட்டையில் நடந்தவர்களும், இயன்மருத்துவர் வீட்டுக்கே வந்து பலமும் சமநிலையும் பழக்கியவர்களும் ஓராண்டு முடிவில் ஒரே அளவில்தான் தேறியிருந்தார்கள். மலைநாட்டுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. ஆனால் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடவும் கூடாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் அதைத்தான் சோதித்தார்கள். 2017இல் முடிவு வந்தது. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்த பிரிவிலும் கொடுக்காத பிரிவிலும், ஆறு மாதத்தில் 47 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தார்கள். அன்பு இருந்தது, நேரமும் கொடுத்தார்கள். ஆனால் அன்றாடம் பயிற்சி கொடுத்தது தேர்ந்த கை அல்ல.

போபாத்தின் பழைய முறையிலிருந்து நாம் இழந்தது அந்தக் கையைத்தான் என்று தோன்றுகிறது. அது சொன்ன காரணம் பிழை. நோயாளியின் அருகில் அது இருந்த நேரம் பிழையல்ல.

இன்று கண்டிப் பக்கம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவப் பட்டப் படிப்பு உண்டு. திகனயில் புனர்வாழ்வு வைத்தியசாலை. அங்கே ஒருவர் நடக்கத் தொடங்கி வீடு போகலாம். ஆனால் ஆய்வுகள் நடையை அளப்பது சமதரையில்: பத்து மீட்டர் தூரம், அல்லது ஆறு நிமிட நடை. ஹந்தானையிலோ கலஹாவிலோ தேயிலைத் தோட்ட லயத்துக்குப் போக, ரோட்டிலிருந்து கற்படிகள் ஏற வேண்டும். மழையில் அவை வழுக்கும். வாளியோடு இறங்க வேண்டும், கொழுந்துக்கூடையை மறுபடி சுமக்க வேண்டும். இந்த ஏற்றத்தை அளவுகோலாக வைத்து, வாரத்துக்கு எத்தனை முறை இயன்மருத்துவர் வீட்டுக்கு வந்தால் பயன் தெரியும் என்று கேட்கும் ஆய்வே நமக்கு வேண்டும். பேராதனையில் மாணவர்கள் இருக்கிறார்கள், திகனயில் நோயாளிகள் இருக்கிறார்கள், கலஹாவுக்குப் பஸ்ஸும் இருக்கிறது.