பென் டிரைவில் டிவி அப்டேட்

செல்லிப்பட்டு போன்ற ஊரில் நெட் மெதுவாக இருந்தால், ஸ்மார்ட் டிவியின் புது மென்பொருளைப் பென் டிரைவிலும் ஏற்றலாம். டிவியின் பின்பக்கம் உள்ள மாடல் எண்ணை ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டு, அதற்குரிய ஃபைலைக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் மட்டும் எடுங்கள். "இதுவும் அதே மாதிரிதாங்க" என்று யாராவது தந்தால் வாங்காதீங்க.

பென் டிரைவை முதலில் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யச் சொல்வார்கள். செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். குழுவின் வரவு செலவுக் கணக்கு இருக்கிற பென் டிரைவை இதற்குத் தொடவே வேண்டாம்! தனியா ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றும்போது டிவி பழைய புரோகிராமை அழித்துப் புதியதை எழுதும். பாதியில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. டிவி ஆன் ஆகாமலே போகலாம். பிறகு சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்கணும். அதனால் மழை, காற்று நேரத்தில் ஆரம்பிக்காதீங்க. டிவி தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும்வரை பிள்ளைகள் கையில் ரிமோட்டைக் கொடுக்காதீங்க.